பனிமலைப் பாதையில் ஒரு குடும்பம்



பழந்தமிழ் இலக்கிய வகைகளுள் ஆற்றுப்படை என்பது ஒன்று. ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். வள்ளலிடம் சென்று பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிர்ப்படும் மற்றொருவனை நோக்கி, இன்ன வழியே செல்க, இன்ன இடத்தில் இன்ன இடர் உண்டு, இன்னார் உனக்கு உணவளிப்பர் என்று எடுத்துரைப்பதே அதன் இயல்பு. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் மலைவழியின் இடர்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்வது. அவ்வழியே செல்பவன் தனியன் அல்லன், சுற்றத்தோடு செல்பவன். சுற்றத்தோடு செல்வோனுக்குத் தனியனுக்கு இல்லாத ஒரு கடமை உண்டு. அக்கடமையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

அண்மைக் கோடை விடுமுறை ஒன்றில், பழனிசெட்டிபட்டியிலிருந்து எங்கள் குடும்பத்தார் அறுவர் ஒரே காரில் லடாக்கு வரை சென்று மீண்டோம். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், கல்லூரியில் சேரவிருந்த பேரனும், பதினொரு வயதுப் பேத்தியும் ஆக அறுவர். திண்டுக்கல்லில் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை அடைந்து, பெங்களூரு, ஐதராபாத், நாகபுரி, ஜான்சி, தில்லி எனப் பல நாள் வடக்கு நோக்கியே சென்றோம். அவ்வழி நெடுகிலும் உணவும் எரிபொருளும் மருத்துவரும் உண்டு. ஆதலின் அதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நான் சொல்ல வந்தது, இமாசலப் பிரதேசத்து மணாலிக்கு அப்பால் தொடங்கும் வழியைப் பற்றியே ஆகும்.

மணாலிக்கு வடக்கே பீர் பஞ்சால் என்னும் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. தென்புறம் தேவதாரு மரங்கள் அடர்ந்த பசுமை. வடபுறம் லாகூல் என்னும் வறண்ட பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பகுதி மழையைத் தென்புறச் சரிவே வாங்கிக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எங்களுக்கு இது புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் மழை கொட்டும்போது, இப்பால் சாரலுக்கு ஏங்கி நின்ற நிலம் அன்றோ எங்களுடையது! 1895ஆம் ஆண்டில் பென்னி குவிக் கட்டி முடித்த பெரியாற்று அணையும், மலையைக் குடைந்த சுரங்கமும் அல்லவா அந்நீரை இப்பக்கம் திருப்பின? லாகூலுக்கும் ஒரு சுரங்கம் வாய்த்தது. 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் திறக்கப்பெற்ற அடல் சுரங்கப்பாதையின் நீளம் 9 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதற்கு முன்னர், ரோத்தாங் கணவாயைப் பனி மூடினால் ஆண்டில் ஏறத்தாழ ஆறு திங்கள் லாகூல் மக்கள் வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்தனர். எங்கள் சுரங்கம் நீரைக் கொணர்ந்தது. அவர்கள் சுரங்கம் வழியைக் கொணர்ந்தது.

சந்திரா, பாகா என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடம் தாண்டி. அவ்விரண்டும் கூடிய பின் பெறும் பெயரே செனாப். அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகையால் இவ்வூர் வழிப்போக்கரிடையே நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. அப்பலகையைப் படித்தபோதுதான், நாம் எத்தகைய வெளிக்குள் நுழைகிறோம் என்பது பிள்ளைகளுக்கு விளங்கியது. தேனியிலிருந்து சேலத்தையும் கடந்து செல்லும் தொலைவு அது. அத்துணைத் தொலைவிலும் ஊர் என்று சொல்லத்தக்கவை மிகச் சில. கூடார விடுதிகளும் படை முகாம்களும் சாலைத் தொழிலாளர் குடில்களுமே அங்கங்கே உண்டு.

எரிபொருளினும் அருமையானது அங்கே காற்று. பழனிசெட்டிபட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே செல்லும் சாலையில் மிக உயர்ந்த கணவாயாகிய தங்லங் லாவின் உயரம் 5,300 மீட்டருக்கு மேல். அவ்வுயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறையப் பாதியே. உயிர்வளியின் விகிதம் குறைவதில்லை. காற்றே மெலிந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிட்டும் உயிர்வளி குறைகிறது. இதற்குப் பழக உடலுக்கு நாட்கள் வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே சென்றபின், இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மருத்துவர் கூறும் பொதுவிதி. இவ்விதியை எண்ணியே மணாலியில் இரண்டு இரவும், 3,200 மீட்டர் உயரத்திலுள்ள ஜிஸ்பாவில் இரண்டு இரவும் தங்கினோம். வழியிலுள்ள உயரமான முகாம்களில் உறங்காமல், ஒரே பகலில் கடந்து சிந்து நதிப் பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவது எங்கள் திட்டம்.

அறுபதைக் கடந்த என்னைப் பற்றியே வீட்டார் அனைவரும் கவலை கொண்டிருந்தனர். மலைநோயோ அகவை பார்த்து வருவதன்று. உடல்வலிமை பார்த்து விலகுவதுமன்று. பாராலாச்சா கணவாயின் அடிவாரத்தில், ஏறத்தாழ 4,270 மீட்டர் உயரத்தில் ஜிங்ஜிங்பார் என்னும் இடம் உள்ளது. அங்கே தேநீர்க் கூடாரம் ஒன்றில் இறங்கியபோது, என் பேத்தி தலையைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தாள். அப்பத்தா கொடுத்த கஞ்சியும் தங்கவில்லை; இருமுறை வாந்தி எடுத்தாள். வழி நெடுகப் பேசி வந்த பிள்ளை, கேட்ட கேள்விக்கு விடை சொல்லவும் சோர்ந்தாள்.

கணவாய் கண்ணெதிரே தெரிந்தது. என் மகனுக்கு விடுப்பு நாட்கள் எண்ணி வைத்தவை. லேயில் அறைக்குப் பணமும் கட்டியாயிற்று. “கணவாயைத் தாண்டிவிட்டால் மறுபுறம் இறக்கந்தானே அப்பா?” என்றான் அவன். நிலப்படத்தை விரித்துக் காட்டினேன். பாராலாச்சாவின் உயரம் ஏறக்குறைய 4,900 மீட்டர். அதற்கு அப்பால் உள்ள சர்ச்சுவும் 4,000 மீட்டருக்கு மேலேதான். அங்கிருந்து தங்லங் லாவைக் கடந்து வெகுதொலைவு இறங்கும் வரை, அவ்வளவுக்குக் கீழே சாலை தாழ்வதே இல்லை. அப்பால் சென்றபின் நோய் முற்றினால், முன்னே சென்றாலும் பின்னே திரும்பினாலும் முதலில் ஏறியே ஆகவேண்டும். நுரையீரலில் நீர் கோத்தலும், மூளை வீங்குதலும் உயிரையே பறிக்கக்கூடியவை. இதை உணர்ந்தோர்க்குக் கணவாய் வழியன்று, கதவு. புகுந்தபின் எளிதில் திரும்ப இயலாத கதவு.

என் மருமகள்தான் முடிவு கூறினாள். “மாமா, பிள்ளை தேறட்டும். லே எங்கே போய்விடப் போகிறது?” என்றாள். மகன் மறுமொழி பகராமல் காரைத் திருப்பினான். இத்தனை நாள் வந்தும் வாயிலில் திரும்புகிறோமே என்று பேரனுக்கு மனத்தாங்கல். அவன் முகம் அதைச் சொல்லிற்று. ஆயினும் தங்கையின் தலையைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு வந்தவன் அவனே.

மாவட்டத் தலைநகராகிய கேலாங்குக்கு இறங்கினோம். அங்குள்ள மருத்துவர், உரிய நேரத்தில் இறங்கியதே முதல் மருந்து என்றார். அன்று மாலையே அவள் கண்ணில் ஒளி வந்தது. மறுநாள் பசி வந்தது. திட்டத்தில் இல்லாத அவ்விரண்டு நாட்களில்தான் லாகூலைக் கண்டோம். உருகும் பனிநீரைச் சிறு வாய்க்கால்களில் திருப்பி, சரிவுகளில் உருளைக்கிழங்கும் பட்டாணியும் விளைவிக்கின்றனர் அம்மக்கள். மழையை நம்ப இயலாத நிலத்தில் வாய்க்காலை நம்பி வாழும் வாழ்வு, முல்லையாற்றுக் கரையினராகிய எங்களுக்கு எளிதில் விளங்கிற்று. லே செல்லும் அரசுப் பேருந்தும் கேலாங்கில் இரவு தங்கி, விடியுமுன் புறப்பட்டுப் பகற்பொழுதிலேயே கணவாய்களைக் கடப்பது வழக்கம் என அறிந்தோம். இதற்குக் காரணம் இரண்டு. உயரத்தில் உறங்க நேராமை ஒன்று. மற்றொன்று, வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் குறுக்கறுக்கும் ஓடைகள் பிற்பகலில் பெருகிவிடுதல். காலையில் கணுக்காலளவு ஓடும் நீர் மாலையில் காரை நிறுத்திவிடும்.

மூன்றாம் நாள் இருள் பிரியுமுன் புறப்பட்டோம். பாகா ஆறு பிறக்கும் சூரஜ் தால் ஏரி வெண்பலகைபோல் உறைந்து கிடந்தது. சாலையின் இருபுறமும் வெட்டி ஒதுக்கிய பனி மதிலாய் நின்றது. அப்பால், 21 வளைவுகளாய் மேலேறும் கடா வளைவுகள். அவற்றைக் கண்டதும், “தாத்தா, நம்ம போடிமெட்டு!” என்று கூவினாள் பேத்தி. அக்குரல் கேட்டு அனைவரும் மனம் தேறினோம். லாச்சுலுங் லா, பாங் முகாம், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் பரந்து கிடக்கும் மோரே சமவெளி, தங்லங் லா ஆகியவற்றைக் கடந்து, பொழுது சாயும் வேளையில் உப்ஷியில் சிந்து நதியைக் கண்டோம். பாடநூலில் மட்டும் அறிந்த ஆறு அது. பிள்ளைகள் இருவரும் இறங்கி அந்நீரைக் கையால் தொட்டனர்.

அவ்வழியை நமக்குத் திறந்து வைப்பவர் யார்? 1960ஆம் ஆண்டில் தோன்றிய எல்லைச் சாலைகள் அமைப்பு, ஆண்டுதோறும் பனியை அகற்றிச் சாலையைச் செப்பனிடுகிறது. அதன் தொழிலாளருட் பலர் ஜார்க்கண்டு மாநிலத்துச் சந்தாள் பர்கானாப் பகுதியினர். நம்மைப் போலவே தாழ்நிலத்தில் பிறந்து, நாம் ஒரு பகலில் ஓடிக் கடக்கும் உயரத்தில் பருவம் முழுதும் கல்லுடைக்கின்றனர். அவர்கள் குடில்களைக் கடக்கும்போது காரின் விரைவைக் குறைத்துப் புழுதி எழாமற் செல்வது, வழிச்செல்வோர் செய்யத்தக்க மிகச் சிறிய நன்றியாகும்.

மாணவ மணிகளே! நாளை நீங்களும் தோழரோடு நெடுவழி செல்வீர்கள். வல்லவன் எவ்வளவு விரைவான் என்பதை வைத்துக் கூட்டத்தின் நடையை வகுக்காதீர்கள். மெலிந்தவர் எவ்வளவு இயலும் என்பதை வைத்து வகுங்கள். அவர் தாமாகச் சொல்லுமுன் அவர் முகத்தைப் பாருங்கள். திரும்பத் துணிவதும் துணிவே. மலை அங்கேயே நிற்கும்; அடுத்த நாளும் ஏறலாம், அடுத்த ஆண்டும் ஏறலாம். உடன் வந்தவரை இழந்து ஏறிய உச்சியில் நின்று காண்பதற்கு யாது உளது? வகுப்பறையிலும் வீட்டிலும் நாட்டிலும் இதுவே வழி நடக்கும் முறை.