உள்ளளவா, வெளியளவா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஏதாவது டெக்னிக்கலா பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் போனில் சொன்னார். நான் பேசப்போவது ஒரு மரப்பெட்டியைப் பற்றி. நானே செய்த ஸ்பீக்கர் பெட்டி. மேடைக்குப் பக்கத்தில் துணி போர்த்தி வைத்திருக்கிறேனே, அதுதான்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2010-ல் இங்கே இ.சி.இ. முடித்தேன். எங்கள் கடைசி வருஷ ப்ராஜெக்ட், மேல்தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்த்து மோட்டாரை ஓட்டி நிறுத்தும் கருவி. நாங்கள் நாலு பேர். அதை நாங்கள் செய்யவில்லை. காசு போட்டு, வெளியே ஓர் இடத்தில் ரெடிமேடாக வாங்கினோம். ரிப்போர்ட்டும் சேர்த்தே கொடுத்தார்கள். வைவாவில் போர்டில் இருந்த ஒரு கெபாசிட்டரைக் காட்டி, "இது எதுக்குப்பா?" என்று கேட்டார்கள். மனப்பாடம் செய்ததில் அது இல்லை. எங்கள் கைடு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். சார் இன்று முன்வரிசையில்தான் இருக்கிறார். சார், உங்களுக்கு அன்றைக்கே தெரியும் என்பது எனக்கும் தெரியும். இப்போது நான் கோவையில் ஒரு பம்பு கம்பெனியில் கன்ட்ரோல் பேனல் டிசைன் செய்கிறேன். அதாவது, அன்று காசு கொடுத்து வாங்கிய சாமான்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

(தம்பிகள் யாரும் கை தூக்க வேண்டாம். நான் கேட்கவில்லை.)

சரி, பெட்டிக்கு வருவோம். ஸ்பீக்கரை வெறும் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் போட்டுப் பாருங்கள், கீச்சென்றுதான் கேட்கும். கோன் முன்னால் காற்றை அழுத்தும்போது பின்னால் காற்று தளர்கிறது. தாழ்ந்த சுருதியில் இந்த இரண்டும் ஓரம் சுற்றிப் போய் ஒன்றையொன்று அழித்துவிடும். பாஸ் காணாமல் போகும். பின்னால் வருவதை அடைத்துவைத்தால் முன்னால் வருவது பிழைக்கும். இதை நம்மூர் ஆட்கள் மண்பானையில் செய்து காட்டினார்கள். பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்திப் பாட்டுப் போட்ட டீக்கடைகளை மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். நான் அதைக் கேலி செய்ய மாட்டேன். பானை உருண்டை, சுவர் லேசில் அதிராது, நேருக்கு நேர் நிற்கும் இரண்டு பலகை அதில் கிடையாது. நான் செய்த முதல் பெட்டியைவிடப் பானை எவ்வளவோ மேல்.

அடைப்பதற்குப் பதிலாக ஒரு குழாய் வைத்து, பின்பக்கத்து ஒலியையும் உதவிக்குக் கூப்பிடலாம். பெல் லேப்ஸின் ஆல்பர்ட் தூராஸ் இதற்கு 1932-ல் பேட்டன்ட் பெற்றார். ஆனால் எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்பதற்கு ஒழுங்கான கணக்கு வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. 1961-ல் நெவில் தீல் எழுதினார். 1970களின் தொடக்கத்தில் சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரித்தார். இன்று எந்த நல்ல ஸ்பீக்கரின் டேட்டா ஷீட்டிலும் இவர்கள் பெயரில்தான் எண்கள் இருக்கும்.

அந்தக் கணக்கை நான் பிரமாதமாகப் போட்டேன். 8 அங்குல ஊஃபர். பெட்டி 45 லிட்டர். 75 மி.மீ. பி.வி.சி. குழாய், உள்விட்டம் 7 செ.மீ., நீளம் 12.5 செ.மீ. இதற்கு 38 ஹெர்ட்ஸ் ட்யூனிங் வர வேண்டும். பெட்டியின் அளவு 30, 30, 50 செ.மீ. என்று எழுதி, 18 மி.மீ. ப்ளைவுட்டும் வாங்கிக்கொண்டு ஆசாரியிடம் போனேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இது உள்ளளவுங்களா, வெளியளவுங்களா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "எல்லாம் கம்ப்யூட்டர்ல போட்ட கணக்குங்க. அப்படியே அறுங்க" என்றேன். வைவாவில் பேசிய அதே குரல்.

அவர் வெளியளவாகவே அறுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டிப் பாட்டுப் போட்டால், பாஸ் தொம் தொம் என்று ஒரே இடத்தில் நின்று இடிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தகர டின் மாதிரி இருக்கிறது. ஒரு வாரம் ஆம்ப்ளிஃபயரைத் திட்டினேன். பிறகுதான் அளந்தேன். ஸ்பீக்கரோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை வரிசையில் போட்டு, போனிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பி, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து வோல்ட்டேஜ் குறித்தேன். குழாய் வைத்த பெட்டியில் இரண்டு மேடு வரும், நடுவில் பள்ளம். அந்தப் பள்ளம்தான் ட்யூனிங். 38-ல் இருக்க வேண்டியது 46-ல் இருந்தது!

பலகைக் கனம் இரண்டு பக்கமும் சேர்ந்து 3.6 செ.மீ. அதைக் கழித்தால் உள்ளே 26.4, 26.4, 46.4. பெருக்கிப் பாருங்கள், 32 லிட்டர் சொச்சம்தான். ஊஃபரின் காந்தம், குழாய், குறுக்குக்கட்டை எல்லாம் போக 30. மூன்றில் ஒரு பங்கு காற்றைக் காணோம். ராத்திரி பதினொரு மணிக்கு நான் மட்டும் சிரித்தேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுபடி ஆசாரியிடம் போய், "அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியலைங்க" என்றேன். அவர் ஒன்றும் குத்திக்காட்டவில்லை. ரம்பத்தை என் கையில் கொடுத்து, "இந்தத் தடவை நீங்களே அறுங்க, நான் நிக்கறேன்" என்றார். உள்ளளவு 30, 30, 52.5. அடைத்துக்கொள்ளும் சாமான்களுக்கும் சேர்த்துத்தான் உயரம் கூடியது. ஒரு பலகை 2 மி.மீ. கோணலாகப் போயிற்று, ஃபெவிகாலில் மரத்தூள் குழைத்து அடைத்தோம். காற்று கசிகிறதா என்று பார்க்க அவர் ஒரு வித்தை சொன்னார். கோனை மெதுவாக அழுத்தி, மூட்டுகளின் பக்கத்தில் ஊதுவத்தி காட்டுவது. புகை ஆடினால் ஓட்டை. இது எந்த டேட்டா ஷீட்டிலும் இல்லை.

பள்ளம் 39-ல் வந்தது.

வலது பக்கப் பலகை இன்னும் லேசாக அதிர்கிறது. தட்டிப் பார்த்தால் தெரியும். இன்னொரு குறுக்குக்கட்டை வேண்டும். இனிமேல்தான் போட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் துணியை எடுத்துவிடுகிறேன். தம்பிகள் வந்து கழற்றியே பார்க்கலாம், ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் முதலில் சார் வர வேண்டும். உள்ளே ட்வீட்டருக்குப் போகிற வழியில் ஒரு கெபாசிட்டர் இருக்கிறது, சார். அது எதற்கு என்று தயவுசெய்து கேளுங்கள்.