ஏக்கருக்கு ஓர் ஓட்டு

(தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், அமெரிக்க நாட்டின் காலிபோர்னியா ராஜ்யத்தில் நகரசபைகள் புதுக் குடியிருப்புகளுக்கு எப்படி அனுமதி தருகின்றன என்பது. "பஞ்சாலையில் நூற்கிறவனுக்கும் வயலில் நாற்று நடுகிறவளுக்கும் இந்தக் கதை எதற்கு?" என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மில்களில் வந்து இறங்குகிறதே அமெரிக்க நீண்ட இழைப் பருத்தி, பீமா என்ற பருத்தி, அதில் பெரும்பகுதி காலிபோர்னியாவின் சான் வாக்கீன் பள்ளத்தாக்கில் விளைவது. அந்தப் பருத்திக் காடும், திராட்சைத் தோட்டமும், பாதாம் தோப்பும் ஊரோரங்களில் வீட்டு மனைகளாக மாறிக்கொண்டே வருகின்றன. அப்படி மாறும்போது ஓர் ஓட்டுப் பதிவு நடக்கிறது. யார் ஓட்டுப் போடுகிறார்கள், எதைக் கணக்கிட்டு ஓட்டு எண்ணுகிறார்கள் என்பதை அறிந்தால், இது நமக்கு வேண்டாத கதை என்று எந்த உழைப்பாளியும் சொல்லமாட்டார்.

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுவோம். ஒரு கட்டடக் கம்பெனி ஊரை ஒட்டி நிலம் வாங்குகிறது. தெரு எங்கே, மனை எங்கே, சாக்கடை எங்கே என்று ஓர் உத்தேச வரைபடம் போட்டு நகரசபையிடம் கொடுக்கிறது. நம் ஊரில் லே-அவுட் என்கிறோமே, அதேதான். நகர அமைப்புக் கமிஷன் விசாரணை நடத்துகிறது. பொதுஜனங்கள் வந்து பேசலாம். தெரு இத்தனை அடி அகலம், தெருவிளக்கு இத்தனை, மழைத் தண்ணீர் தேங்க இன்ன இடத்தில் குட்டை, மரம் இன்ன ஜாதி என்றெல்லாம் நிபந்தனைகள் விதிக்கிறார்கள். 1965-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, குடிவருகிற 1000 பேருக்கு 3 ஏக்கர் என்ற கணக்கில் பூங்காவுக்கு நிலமோ, ஈடாகப் பணமோ கம்பெனியிடம் கேட்க நகரசபைக்கு அதிகாரம் தருகிறது. நல்ல சட்டம். குறை சொல்வதற்கில்லை.

நிபந்தனைகள் நிறைவேறியதும் இறுதி வரைபடம் நகரசபைக்கு வருகிறது. வரைபடம் சரியாக இருந்தால் சபை அதை மறுக்க முடியாது. ஆகவே அதைப் பெரும்பாலும் "ஒப்புதல் பட்டியல்" என்ற ஒன்றில் சேர்த்துவிடுகிறார்கள். போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, லாரி வாங்கிய பில், இன்ன தெருவுக்குத் தார் போட ஒப்பந்தம் — இவற்றோடு வரிசையாகப் புது மனைப்பிரிவும் நிற்கும். விவாதம் கிடையாது. ஒருவர் பிரேரிப்பார், இன்னொருவர் ஆமோதிப்பார், ஒரே ஓட்டில் அத்தனையும் பாஸ்!

அந்தப் பட்டியலில் மனைப்பிரிவுக்கு அடுத்த வரியில் நிற்கிறது நம்முடைய விஷயம். "மேற்படி நிலத்தைப் பராமரிப்பு வட்டாரத்தில் சேர்ப்பது" என்ற தீர்மானம்.

பராமரிப்பு வட்டாரம் என்றால் என்ன? மரம் நட்டாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, பூங்கா வைத்தாயிற்று. தண்ணீர் ஊற்றுவது யார்? பல்பு மாற்றுவது யார்? புல் வெட்டும் ஆளுக்குக் கூலி யார் கொடுப்பது? ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து அல்ல. அந்த மனைப்பிரிவைத் தனியே கோடு போட்டு வட்டாரமாக்கி, அதற்குள் இருக்கிற ஒவ்வொரு மனையின் மீதும் வருஷா வருஷம் ஒரு தீர்வை விதிக்கிறார்கள். 1972-ல் புல்தரைக்கும் தெருவிளக்குக்கும் என்றே ஒரு சட்டம் செய்தார்கள். அதன்படி வருஷந்தோறும் ஓர் இன்ஜினீயர் அறிக்கை எழுதுவார். சபை தீர்வையை நிர்ணயிக்கும். ஜில்லா அதிகாரிகள் சொத்துவரிச் சீட்டிலேயே அதையும் ஒரு வரியாக அச்சடித்து வசூலிப்பார்கள். சொத்துவரியோடு சேர்ந்த பாக்கி அது. கட்டத் தவறினால் வீட்டின் மேலேயே விழும்.

சரி, தீர்வை விதிக்க யார் சம்மதித்தார்கள்? இங்கேதான் கவனிக்க வேண்டும், தோழர்களே. தீர்மானம் வருகிற நாளில் அங்கே ஒரு வீடுகூட எழும்பவில்லை. கொத்தனார் கரண்டி எடுக்கவில்லை. நிலம் முழுவதும் ஒரே சொந்தக்காரர், அதாவது கம்பெனி. சேர்க்கப்படும் நிலத்தின் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுத்துமூலம் சம்மதித்தால் நோட்டீசும் விசாரணையும்கூட வேண்டாமென்று 1972-ம் வருஷத்துச் சட்டத்திலேயே ஷரத்து இருக்கிறது. "எல்லோரும்" என்றால் இங்கே ஒரே ஒரு கையெழுத்து!

வேறொரு வழியும் உண்டு. 1982-ல் மெல்லோ, ரூஸ் என்ற இரண்டு சட்டசபை உறுப்பினர்களின் பெயரால் ஒரு சட்டம் வந்தது. புதுக் குடியிருப்புகளுக்கென்று விசேஷ வட்டாரம் அமைத்து வரி போடும் சட்டம். அந்த வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். பார்த்தால் கண்டிப்பான நிபந்தனைதான். ஆனால் யாருடைய ஓட்டு? வட்டாரத்துக்குள் வாக்காளர்களாகப் பதிவு செய்துகொண்டவர்கள் குறைந்தது 12 பேர் இருந்தால் அவர்களுடைய ஓட்டு. 12 பேர் இல்லாவிட்டால் நிலச் சொந்தக்காரரின் ஓட்டு. ஏக்கருக்கு ஓர் ஓட்டு!

உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். கம்பெனிக்கு 40 ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஓட்டு. எதிர்ப்பு ஓட்டுப் பூஜ்யம். ஏகமனதாக வரி நிறைவேறுகிறது. பிறகு அந்த 40 ஏக்கரில் 200 வீடு எழும்புகிறது. 200 குடும்பம் குடிவருகிறது. அந்த 200 குடும்பங்களும் வருஷக்கணக்கில் கட்டப்போகிற வரிக்கு, மனை விற்றுக் கைகழுவிப் போய்விட்ட கம்பெனி போட்ட ஓட்டே ஜனநாயகத் தீர்ப்பு! நிலத்தில் நாலைந்து பண்ணையாள் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தாலும் கணக்கு மாறாது. அங்குள்ள பண்ணைத் தொழிலாளரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள். பலருக்கு பிரஜா உரிமையே கிடையாது. பிறகு 12 வாக்காளர்கள் எங்கிருந்து சேர்வார்கள்?

வீடு வாங்குகிறவரிடம் மறைக்கிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. நோட்டீஸ் கொடுக்கவேண்டுமென்று சட்டம் இருக்கிறது, கொடுக்கிறார்கள். கடன் பத்திரம், கிரயப் பத்திரம், இன்ஷூரன்ஸ் என்று கட்டுக் கட்டாகக் கையெழுத்து வாங்கும் நாளில் அந்தக் காகிதமும் ஒன்றாக வந்து போகிறது.

நகரசபைகள் ஏன் இப்படிச் செய்கின்றன? கெட்ட எண்ணத்தால் மட்டும் என்று சொன்னால் நாம் விஷயத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அவற்றின் கையில் பணமில்லை. பணம் ஏன் இல்லை என்பதற்கு 1978 ஜூன் 6-ந் தேதிக்குப் போகவேண்டும். அன்று காலிபோர்னியா ஜனங்கள் 13-வது பிரேரணை என்பதற்கு ஓட்டுப் போட்டார்கள். அப்போது வீட்டு விலை ஏறிக்கொண்டே போயிற்று. விலையோடு வரியும் ஏறிற்று. பென்ஷன் வாங்கும் கிழவர்கள் சொந்த வீட்டில் இருக்க முடியாமல் தவித்தார்கள். ஜனங்களின் கோபம் நியாயமான கோபம். அந்தக் கோபத்தின் மேல் ஏறிச் சவாரி செய்தவர்களில் முக்கியமானவர் ஹோவர்ட் ஜார்விஸ். லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் கட்டடச் சொந்தக்காரர்களின் சங்கத்துக்கு வேலை பார்த்தவர். வரி குறைந்தால் வாடகையும் குறையும் என்றார்கள். வாடகை குறையக் காணோம். அடுத்த வருஷமே, 1979-ல், சாண்டா மானிகா நகர ஜனங்கள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்தார்கள்.

பிரேரணை சொன்னது இது: சொத்துவரி மதிப்பில் 1 சதவிகிதத்துக்கு மேல் போகக்கூடாது. மதிப்பை 1975-76-ம் வருஷக் கணக்குக்கு இறக்கவேண்டும். சொத்துக் கைமாறும் வரை மதிப்பு வருஷத்துக்கு 2 சதவிகிதத்துக்கு மேல் ஏறக்கூடாது. கிழவரின் குடிசைக்கும் இதே சட்டம். எண்ணெய்க் கம்பெனியின் ஆலைக்கும் இதே சட்டம். கிழவர் இறந்துபோவார், வீடு விலைபோகும், மதிப்பு ஏறும். கம்பெனிக்குச் சாவில்லை, அதன் நிலம் லேசில் கைமாறுவதில்லை. 1988-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் வீடு வாங்கிய ஒரு பெண், பக்கத்தில் அதே மாதிரி வீட்டில் 1975-லிருந்து இருப்பவர்கள் கட்டுவதைப்போல் தாம் சுமார் ஐந்து மடங்கு வரி கட்டுவதைக் கண்டு வழக்குத் தொடர்ந்தார். 1992-ல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது. பெரிய வியாபாரச் சொத்துக்களுக்காவது சந்தை விலைப்படி வரி போடலாம் என்று 2020-ல் ஒரு பிரேரணை வந்தது. 52-க்கு 48 என்ற கணக்கில் தோற்றது.

அந்த 1 சதவிகிதத்திலும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பங்கு, ஜில்லாவுக்கு ஒரு பங்கு போக, நகரசபைக்கு எஞ்சுவது சிறு பங்கு. புதிதாக ஒரு மனைப்பிரிவு வந்தால் அதன் விளக்குக்கும் பூங்காவுக்கும் அந்தச் சிறு பங்கு காணாது. ஆகவே, புதிதாக வருகிறவர்களே கட்டிக்கொள்ளட்டும் என்கிறது நகரசபை. ஊருக்குப் பொது என்று இருந்த விளக்கு, இன்ன வட்டாரத்து விளக்கு ஆகிவிட்டது. பழைய தெருக்களில் பொதுநிதி ஏதோ பார்த்துக்கொள்ளும், புதுத்தெருவுக்குத் தனிச்சீட்டு. கடன் வாங்கி முதல் வீடு வாங்கும் இளம் குடும்பத்தின் தலையில், ஊரில் பழைய மதிப்பில் வரி கட்டும் பெரிய சொத்துக்களின் பாரமும் சேர்ந்து விழுகிறது.

குடிவந்த பிறகாவது தலைக்கு ஓர் ஓட்டு உண்டா? 1996-ல் இன்னொரு பிரேரணை நிறைவேறியது. 218-வது நம்பர். அதன்படி புதுத் தீர்வை போடவோ, இருக்கும் தீர்வையைக் கூட்டவோ சொந்தக்காரர்களுக்குத் தபாலில் ஓட்டுச்சீட்டு அனுப்பவேண்டும். 45 நாள் தவணை. நல்லதுதான். ஆனால் எண்ணும்போது சீட்டை எண்ணமாட்டார்கள். எத்தனை டாலர் தீர்வையோ அத்தனை கனம் அந்தச் சீட்டுக்கு. வட்டாரத்துக்குள் பெரிய கடைக் கட்டடம் ஒன்று இருந்தால், அதன் ஒரு சீட்டு ஒரு தெரு வீடுகளின் சீட்டை அமுக்கிவிடும். வாடகைக்கு இருப்பவருக்கோ சாதாரணமாகச் சீட்டே இல்லை. தீர்வையைச் சொந்தக்காரர் வாடகையில் ஏற்றிவிடுவார். ஓட்டை மட்டும் தம்மிடமே வைத்துக்கொள்வார்! இதே பிரேரணையில் ஒரு கதவும் திறந்திருக்கிறது. தீர்வையைக் குறைக்கவேண்டுமென்று வாக்காளர்கள் கையெழுத்துச் சேகரித்து, தலைக்கு ஓர் ஓட்டாகவே அதைத் தேர்தலுக்குக் கொண்டுவரலாம். அங்குள்ள வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கேள்வி.

நிலத்துக்கே ஓட்டு என்ற இந்த வழக்கம் மனைப்பிரிவுக்காகப் புதிதாக முளைத்ததல்ல. அது வயலில் பிறந்தது. பருத்தி விளையும் அதே பள்ளத்தாக்கில், டுலேரி ஏரிப் படுகையில் பாசனத்துக்கென்று ஒரு தண்ணீர் வட்டாரம் உண்டு. சுமார் 1,93,000 ஏக்கர். வழக்கு நடந்த காலத்தில் நான்கு கம்பெனிகள் அதில் 85 சதவிகிதத்தைச் சாகுபடி செய்தன. உள்ளே குடியிருந்தவர்கள் 77 பேர். அவர்களில் பெரும்பாலோர் அந்தக் கம்பெனிகளின் ஆட்கள்தான். நிலத்தின் மதிப்பில் 100 டாலருக்கு ஓர் ஓட்டு. 77 பேருக்குக் குடியிருப்பவர்கள் என்ற முறையில் ஒரு ஓட்டும் இல்லை. பருத்தி ராஜாவான பாஸ்வெல் கம்பெனி ஒன்றே வாரியத்தின் மெஜாரிட்டியைத் தீர்மானிக்கக்கூடிய நிலையில் இருந்தது. 1969-ல் வெள்ளம் வந்தது. தண்ணீரை வேறொரு ஏரிப் படுகைக்குத் திருப்பலாம் என்று வாரியத்தில் யோசனை வந்தது. அந்தப் படுகையில் பாஸ்வெல் கம்பெனிக்குக் குத்தகைச் சாகுபடி. யோசனையை 6-க்கு 4 என்று கிடப்பில் போட்டார்கள்.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 1964-ல் இதே கோர்ட்டுதான், சட்டசபை உறுப்பினர்கள் மனிதர்களுக்குப் பிரதிநிதிகள், மரங்களுக்கும் ஏக்கர்களுக்கும் அல்ல என்று முழங்கியது. 1973-ல், தண்ணீர் வட்டாரம் தனி விவகாரம், நிலக்காரர்களுக்கு மட்டும் ஓட்டு என்பது செல்லும் என்றது. டக்ளஸ், பிரென்னன், மார்ஷல் என்ற மூன்று ஜட்ஜுகள் மட்டும் ஒப்பவில்லை.

இனி, அதே பள்ளத்தாக்கில், டுலேரி ஜில்லாவில் எந்த ஒப்புதல் பட்டியலிலும் ஏறாத ஒரு மனைப்பிரிவைப் பற்றிச் சொல்கிறோம். மத்தீனி டிராக்ட் என்று பெயர். டுலேரி நகருக்குள் கறுப்பு மக்களை வீடு வாங்க விடாத காலம், 1940-கள். பருத்தி எடுக்க வந்த கறுப்புத் தொழிலாளிகளுக்கு, ஊருக்கு வெளியே மனை பிரித்து விற்றார்கள். குழாய் இல்லை, சாக்கடை இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு நிலத்தைக் காட்டினார்கள், அவ்வளவுதான்.

1971-ல் ஜில்லா நிர்வாகம் ஒரு பொதுத் திட்டம் போட்டது. இப்படிப்பட்ட 15 ஊர்களுக்கு எதிர்காலம் இல்லை என்று அதில் குறித்தது. அந்த ஊர்களுக்குத் தண்ணீர், சாக்கடை முதலிய வசதிகளைச் செய்யாமல் விட்டால் ஜனங்கள் தாமே வெளியேறுவார்கள், ஊர்களும் இயல்பாகத் தேய்ந்துபோகும் என்பது திட்டத்தின் கருத்து. ஜனங்கள் வெளியேறவில்லை. போவதற்கு இடம் எங்கே? மத்தீனியில் கறுப்பர்களோடு மெக்சிகோக் குடும்பங்களும் வந்து சேர்ந்தன. டுலேரி நகரம் வளர்ந்து பக்கத்தில் வந்து நின்றது. நகரத்துக்குள் புதுத்தெருக்களுக்கு விளக்கும் மரமும் வந்தன. மத்தீனியின் கிணற்றுத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற விஷம் கலந்திருந்தது.

குடியிருப்பவர்கள் கமிட்டி அமைத்தார்கள். நகரசபைக்கும் ஜில்லாவுக்கும் ராஜ்யத் தலைநகருக்கும் நடந்தார்கள். நகரக் குழாயோடு இணைக்க 2011-ல் ஒப்பந்தமாயிற்று. பிறகு, எங்களுக்கே தண்ணீர் போதாது என்று நகரசபை இழுத்தடித்தது. கோர்ட்டுக்கும் போனார்கள். 2015-ல் ராஜ்ய சட்டசபை, கட்டாயமாக இணைக்க உத்தரவிடும் அதிகாரத்தைத் தண்ணீர் வாரியத்துக்குக் கொடுத்தது. வாரியம் உத்தரவு போட்டது. 2016-ல் மத்தீனி வீடுகளின் குழாயில் நகரத் தண்ணீர் வந்தது. சாக்கடைக்கு அதற்குப் பிறகும் போராட வேண்டியிருந்தது.

மணியாகிவிட்டது. இரவு ஷிப்டுக்குப் போகிற தோழர்கள் கேட்கவேண்டியதை முதலில் கேட்கலாம்.