மைக் இல்லாமல் பாடக்கூடிய பாட்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிடித்த போராட்டப் பாடல்கள்" என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். வேங்கிக்காலில் பேசப் பொருத்தமான தலைப்புதான். கலெக்டர் ஆபீஸ் இங்கேதானே இருக்கு! திங்கட்கிழமை மனுவோடு வருகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, பாட்டு எதற்கு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

என் கணக்கு ஒன்றுதான். மைக் இல்லாமல், தொண்டை கட்டினவன்கூட நாலு பேரோடு சேர்ந்து பாட முடியணும். 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்புக்காக நடந்தார்களே, அதற்கு நாமக்கல் கவிஞர் எழுதின பாட்டு காலடிக்குத் தக்கபடி இருக்கும். நடந்துகொண்டே பாடலாம்.

நாடக மேடையில் விசுவநாததாஸ் வேறு மாதிரி. முருகன் வேஷம் கட்டி, 'வள்ளி திருமணம்' நாடகத்தில் கொக்கு விரட்டுகிற பாட்டைப் பாடுவார். வெள்ளைக் கொக்கு யார் என்பது டிக்கெட் வாங்கினவனுக்கும் தெரியும், வாசலில் நிற்கிற போலீசுக்கும் தெரியும்! பலமுறை ஜெயிலுக்குப் போனார். அவர் மருத்துவர் குலத்தில் பிறந்தவர் என்பதால் கூட நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. வெள்ளைக்காரனை எதிர்த்தவருக்கு நம்ம ஆட்கள் செய்த மரியாதை அது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே, முருகன் வேஷத்திலேயே உயிர் போனது.

அடுத்து 'மனுசங்கடா'. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்ட ஜனங்கள். அந்தக் கொடுமையின் சூட்டில் எழுதியவர் கவிஞர் இன்குலாப். ஊர் ஊராகக் கொண்டுபோனவர் கே.ஏ.குணசேகரன். தெம்மாங்கும் ஒப்பாரியும் அறிந்த குரல். கேட்டால் உட்கார முடியாது. இருவருமே 2016இல் மறைந்தார்கள். அடுத்த ஆண்டு இன்குலாப்புக்குச் சாகித்ய அகாதமி விருது அறிவித்தபோது குடும்பத்தார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கலை இரவு நடத்திப் பேர் வாங்கின ஊர் நம்ம திருவண்ணாமலை. இங்கே பாட்டு தெரிந்தவர்கள் நிறைய. எழுதினவர் பேரைக் கேட்டால்தான் பக்கத்து ஆளைப் பார்க்கிறார்கள்.

புதுசும் சொல்லணுமே. 2015இல் மதுக்கடைகளுக்கு எதிராகப் பாடினதற்காகக் கோவனைத் தேசத்துரோகச் சட்டத்தில் கைது செய்தார்கள். கைதுக்கு அப்புறம்தான் பாதிப் பேர் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். 2017இல் எண்ணூர்க் கழிமுகத்துக்காக டி.எம்.கிருஷ்ணா பாடிய 'சென்னை புறம்போக்கு பாடல்' எனக்குப் பிடிக்கும், ஆனால் ஊர்வலத்தில் பாட வராது, உட்கார்ந்து கேட்கணும். 2018இல் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் சேர்த்தது. என் வயசுக்குச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. பரவாயில்லை, அது தம்பிகளுக்கு.

பறை கொண்டுவந்திருக்கிறார்கள் என்று செயலாளர் சொன்னார். சாப்பாட்டுக்கு முன்னால் 'மனுசங்கடா' ஒருமுறை பாடலாம். மைக்கை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.