மருத்துவமனையில் படம் எடுத்தல்: நாம் அறிந்திருக்க வேண்டுவன

(பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சாலையையும் கிணற்றையும் பள்ளிக் கட்டிடத்தையும் பற்றிப் பேசவேண்டியவர், எக்ஸ்ரேயையும் ஸ்கேனையும் பற்றிப் பேச வந்தது ஏன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். நாம் டாக்டர் அல்லர். ஆயினும், நம் அலுவலகத்திற்கு வருவோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம், படம் எடுக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்பதே அது. விசாரித்துப் பார்த்தால், சில வேளைகளில் இயந்திரம் பழுதாயிருக்கும். பல வேளைகளில், வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருக்க, போனவர் காலைப் பலகாரம் உண்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது பழைய சீட்டை வீட்டிலேயே விட்டுப் போயிருப்பார். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் வீணாகின்றன. அதனினும் பெரிய நஷ்டமும் உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வோம்.

எக்ஸ்ரே கதிரை 1895-ம் ஆண்டு ஜெர்மனி தேசத்து விஞ்ஞானி ராண்ட்ஜன் கண்டுபிடித்தார். நம் மாநிலத்தில், சென்னை அரசுப் பொது மருத்துவமனையைச் சார்ந்த பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-ம் ஆண்டு முதற்கொண்டு பணியாற்றி வருகிறது. ஆகவே இது நமக்குப் புதியதோர் வித்தையன்று. எனினும் இதைப் பற்றிய அச்சமும் மயக்கமும் இன்னும் நீங்கினபாடில்லை.

நான்கு வகைப் படங்கள்

முதலாவது எக்ஸ்ரே. எலும்பு முறிவையும் மார்புச் சளி நோய்களையும் காண இது உதவும். காசநோய் உண்டோ என ஐயுறும்போது டாக்டர் மார்புப் படம் எடுக்கச் சொல்வார். ஆனால் படத்தில் காணும் நிழல் ஒன்றைக் கொண்டே முடிவு கட்டிவிட முடியாது; சளிப் பரிசோதனையும் வேண்டும்.

இரண்டாவது, வயிற்றில் பசை தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இது ஒலி அலைகளால் இயங்குவது. இதில் கதிர்வீச்சு கிடையாது. கர்ப்பிணிகளுக்கு இதனையே எடுப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாவது சி.டி. ஸ்கேன். இதுவும் எக்ஸ்ரே கதிரால் ஆவதே. உடலைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தாற்போல உட்புறத்தைக் காட்டும். தலையில் அடிபட்டவருக்குச் சில நிமிடங்களில் உண்மையை உரைத்துவிடும்.

நான்காவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இது பெரிய காந்தத்தால் இயங்குவது. இதிலும் எக்ஸ்ரே கதிர் இல்லை. முதுகுத் தண்டு, மூளை, மூட்டு ஆகியவற்றை நன்கு காட்டும். ஒருவருக்கு அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், இதற்கு நாள் குறித்துக் கொடுப்பது வழக்கம். குறித்த நாளுக்கு முன்பே நோய் முற்றினால் அந்நாள்வரை காத்திராமல் டாக்டரிடம் உடனே திரும்பிச் செல்லவேண்டும்.

கதிர் என்றதும் அஞ்சுவோர் உண்டு. மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகவே கதிர்வீச்சு நம்மீது படுகின்றது. ஒரு மார்பு எக்ஸ்ரேயினால் வருவது, சில நாட்களில் இயற்கை தருவதற்கு ஒப்பானதே. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனோ, இரண்டு மூன்று ஆண்டுகளில் இயற்கை தரும் அளவினதாகும். ஆகையால் டாக்டர் தேவையென்று சொல்லும்போது அஞ்சி மறுப்பதும் தவறு. "பெரிய ஸ்கேனாக எழுதிக் கொடுங்கள்" என்று நாமே வற்புறுத்துவதும் தவறு. பயிருக்கு உரம் இடுவதுபோல, இதற்கும் அளவும் காலமும் உண்டு.

சொல்ல வேண்டுவன

படம் எடுக்குமுன் சிலவற்றை நாமே வாய்திறந்து சொல்லவேண்டும். பெண்கள் கருவுற்றிருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ, கூச்சமின்றி முன்னதாகவே தெரிவித்தல் வேண்டும். நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் ஸ்கேனாயின், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், ஆஸ்துமா, முன்னர் ஊசி மருந்து ஒத்துக்கொள்ளாமற் போனது ஆகியவற்றைச் சொல்லவேண்டும். உண்ணும் மாத்திரைகளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை டாக்டரே சொல்வார்.

எம்.ஆர்.ஐ. அறையில் காந்தம் எப்பொழுதும் இயங்கிக்கொண்டே இருக்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர், எலும்பில் பிளேட் வைத்திருப்பவர், வெல்டிங் அல்லது பட்டறை வேலையில் கண்ணில் இரும்புத் தூள் பட்டவர் ஆகியோர் அதனை மறைத்தலாகாது. சாவி, சில்லறை, கைப்பேசி, கொண்டை ஊசி யாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நம் தாய்மார்கள் தாலிச் சரட்டில் ஊக்குகளை மாட்டி வைத்திருப்பார்கள். தாலியைக் கழற்றவும் மனம் ஒப்பார்கள். அவர்கள் மனம் நமக்கு விளங்காததன்று. வீட்டுப் பெண் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அரைமணி நேரம் அவர் கையில் கொடுத்து வைப்பதில் குற்றமொன்றும் இல்லை. மார்பு எக்ஸ்ரேக்கும் தாயத்தையும் சங்கிலியையும் கழற்றவேண்டும். அவற்றின் நிழல் படத்தில் விழுந்து நோயை மறைத்துவிடும்.

கேட்க வேண்டுவன

உண்ணலாமா, கூடாதா என்பதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பித்தப்பையைப் பார்க்கும் ஸ்கேனுக்கு வெறும் வயிறு வேண்டும். அடிவயிற்றைப் பார்ப்பதற்கோ நிறையத் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கியிருக்க வேண்டும். ஒன்றுக்குச் சொன்னது மற்றதற்குப் பொருந்தாது. கட்டணம் உண்டா, காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். செலுத்தும் பணத்திற்கு ரசீது பெறுங்கள். ரசீதில்லாத பணம் எவருக்கும் கொடுக்கவேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கேட்கவே கூடாது. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்பதே அது. 1994-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அதைச் சொல்வது குற்றம். அதற்காக ஸ்கேன் செய்யும்படி நாடுவதும் குற்றம். சிறைத் தண்டனையும் உண்டு. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, நம் வீட்டுப் பெண் குழந்தையின் உயிரை எண்ணியும் இதில் பஞ்சாயத்தார் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

படம் எடுப்பவர் டெக்னீஷியன். படித்துச் சொல்பவர் கதிரியல் டாக்டர். அதை நோயோடு பொருத்திப் பார்ப்பவர் நமக்கு வைத்தியம் செய்யும் டாக்டர். ஆகவே டெக்னீஷியனிடம், "என்ன தெரிகிறது?" என்று நெருக்குவதிற் பயனில்லை. பழைய படத்தையும் ரிப்போர்ட்டையும் எறியாமல், மடிக்காமல், ஈரம் படாமல் வைத்திருங்கள். கட்டி வளர்ந்ததா, புண் ஆறியதா என்பதை இரண்டு படங்களை ஒப்பிட்டே அறிய முடியும். சிலர் கிரகணம் பார்ப்பதற்கு எக்ஸ்ரே பிலிமை வெட்டிக் கொடுக்கின்றனர். அதனால் படமும் போகும், கண்ணும் கெடும்.

நேரமே உயிர்

பின்னர்ச் சொல்வோம் என்ற நஷ்டத்திற்கு வருவோம். நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில், காலையில் வயலுக்குப் புறப்பட்ட முதியவர் ஒருவருக்குத் திடீரென வாய் கோணிற்று, வலக்கை தொங்கிற்று, பேச்சுக் குழறிற்று. வீட்டார் வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்தனர். மகன் வெளியூரிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தனர். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது இரவாகிவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுத்தனர். இரத்தக் குழாயில் அடைப்பு. ஆனால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடும் நேரம் கடந்துவிட்டது. அவர் உயிர் பிழைத்தார். அன்று தொங்கிய கை மட்டும் மீண்டும் மண்வெட்டியைப் பிடிக்கவில்லை.

பக்கவாதத்தில் மூளைக் குழாய் அடைத்திருக்கலாம். அல்லது வெடித்து இரத்தம் கசிந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதற்கு உயிர் காக்கும் மருந்து, பின்னதில் உயிரைப் போக்கிவிடும். ஸ்கேன் எடுத்தாலன்றி அந்த ஊசியைப் போட இயலாது. நோய் கண்டதிலிருந்து நாலரை மணி நேரத்திற்குள் தக்கவர்களுக்கு அதைப் போடவேண்டும். ஆகவே முகம் கோணினாலும், கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், உடனே 108-க்குச் சொல்லி, சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்கே கொண்டு செல்லுங்கள். கடைசியாக அவர் நன்றாயிருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் முதலிற் கேட்பது அதுதான். வாயில் நீரோ, சோடாவோ, மாத்திரையோ கொடுக்காதீர்கள்.

அத்தகையவர் வந்தால், காலை முதல் வரிசையில் நிற்கும் நமக்கு முன்பாக அவரை உள்ளே அழைப்பார்கள். அதற்காகச் சண்டையிடலாகாது. நாளை அந்தத் தள்ளுவண்டியில் நம் தந்தையே வரக்கூடும்.

பஞ்சாயத்தார் செய்யத்தக்கன

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. உங்கள் ஊருக்கு அருகில் இரவும் பகலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும் அரசு மருத்துவமனை எதுவென்று இவ்வாரமே விசாரித்து, பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். 108 வண்டி வரத் தாமதமானால் உடனே புறப்படக்கூடிய வண்டி ஊரில் யாரிடம் உள்ளது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் பக்கவாதத்தின் மூன்று அடையாளங்களையும் எல்லோரும் கேட்கும்படி ஒருமுறை படித்துக் காட்டுங்கள். இதற்குத் திட்ட மதிப்பீடும் வேண்டாம். மேலிட அனுமதியும் வேண்டாம்.

இயந்திரங்களை அரசு வாங்கி வைக்கலாம், டாக்டர்களை நியமிக்கலாம். ஆனால் நோயாளி நேரத்தோடு வந்து, உள்ளதைச் சொன்னால்தான் அந்த இயந்திரத்தினால் பயன் உண்டு. அது நம் கையில் இருக்கிறது.