ஏரிக்கரைப் பறவைகளும் காமிராவும்



நம் தமிழ்க் குடும்பங்கள் நெடுங்காலமாய் வாழ்ந்துவரும் லேக் மார்க்கெட்டுக்கு அண்மையில் ரவீந்திர சரோவர் உள்ளது. 1920-களில் வெட்டப்பட்டு, டாக்குரியா ஏரி என வழங்கிய அது, 1958-இல் மகாகவி தாகூரின் பெயரைப் பெற்றது. காலையில் அங்கே காமிராவுடன் செல்லும் நம் இளைஞரைக் கண்டு, 'வீண் பொழுதுபோக்கு' என்பாரும் உளர். அவர்களுக்கு விடை கூற விழைகிறோம்.

நாவலாசிரியர் மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், சென்னையில் வாழ்ந்துகொண்டே, இந்நகரின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதினார். கருப்பு வெள்ளையில் சிறந்த படங்களும் எடுத்தார். அத்தகைய தொண்டுக்கு இப்பொழுதுபோக்கே முதற்படி.

ஆயினும் அதற்கு அறமுண்டு. பறக்கும் படம் வேண்டிக் கைதட்டிக் கொக்கை எழுப்பலாகாது. கூட்டை நெருங்கலாகாது, தாய்ப்பறவை அஞ்சி அகன்றால் முட்டை குளிரும், காகம் கவரும். மரநிழலில் அசையாது நின்றால், நீர்க்காகம் தானே வந்தமர்ந்து சிறகை விரித்து உலர்த்தும்.

படத்தோடு நாளையும் இடத்தையும் குறித்து வைப்போம். எப்பறவை வந்தது, எது வராதொழிந்தது என்பதற்குப் பின்னாளில் அதுவே சான்றாகும். பெயரையும் எழுதுவோம். நம் குழந்தைகள் 'மாச்ராங்கா' என அழைப்பது நம் மீன்கொத்தியையே. 'மாச்' என்றாலும் மீன்தான். வங்கப் பெயரை அவர்கள் பள்ளித் தோழரிடம் கற்றுக்கொள்வர். தமிழ்ப் பெயரை நாமன்றி யார் சொல்வார்? பெரியோர்களே, வரும் குளிர்காலத்தில் நீங்களும் ஏரிக்கரைக்கு வாருங்கள்.