கொல்லாமை போதுமோ?



ஐப்பசித் திங்கள் வளர்பிறைப் பிரதமை தொடங்கி ஆறு நாள் நோன்பிருந்து, சஷ்டியாகிய இன்று மாலை சூரசங்காரத் திருக்காட்சியைக் கண்டு களித்தீர்கள். யானைமுகம் வந்து வீழ்ந்தது, சிங்கமுகம் வந்து வீழ்ந்தது, இறுதியில் மாமரம் வந்தது, வேல் பாய்ந்தது. பின்னர்ப் பெருமான் மயில்மேல் எழுந்தருளியபோது அரோகரா என்று முழங்கினீர்கள். அம்முழக்கத்தினூடே ஒரு வினா மறைந்து நிற்கின்றது. உலகை வருத்தும் கொடியோன் ஒருவன் சாகும் நிலையில் அகப்பட்டால், ஆற்றலுடைய வீரன் என் செய்தல் வேண்டும்? மாயட்டும் என்று விலகலாமோ? கைகொடுத்துக் காத்தல் வேண்டுமோ? இன்றைய சொற்பொழிவுக்கு இதனையே பொருளாகக் கொள்வோம்.

இவ்வினா புராணத்துக்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பிள்ளைகள் விரும்பிப் பார்க்கும் அமெரிக்க வீரக் கதைகளிலும் இது வருகின்றது. 1939ஆம் ஆண்டில் படக்கதையில் தோன்றிய பேட்மேன் என்னும் வீரனைப் பற்றி 2005ஆம் ஆண்டில் ஒரு திரைப்படம் வெளிவந்தது. ஒரு நகரத்தையே அழிக்கத் துணிந்த பகைவன், பாதை முறிந்த இரயிலில் அவ்வீரனிடம் அகப்படுகின்றான். தான் அவனைக் கொல்வதில்லை என்றும், ஆனால் அவனைக் காக்கும் கடமை தனக்கில்லை என்றும் கருதி வீரன் வெளியேறுகின்றான். இரயில் வீழ்கின்றது, பகைவன் மாய்கின்றான். கையில் குருதி படியவில்லை, காரியமும் முடிந்தது. இது நீதியா என்று இளைஞர்கள் வினவுகின்றனர். நல்ல வினா. சைவம் இதற்கு என்ன விடை தருகின்றது என்று காண்போம்.

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்தில், சூரனோடு போர் தொடங்குமுன் முருகப்பெருமான் செய்த செயல் யாது? வீரவாகுதேவரை வீரமகேந்திரபுரிக்குத் தூதனுப்பியதே. சிறையிலிட்ட தேவர்களை விடுவாயாக என்பதே தூதின் பொருள். சூரன் மறுத்தான். தம்பியாகிய சிங்கமுகன் கூறிய நல்லுரையும் அவன் செவியில் ஏறவில்லை. அதன் பின்னரே போர் மூண்டது. சூரனுடைய சேனை அழிந்தது, மைந்தர்கள் மாண்டனர், தம்பி சிங்கமுகனும் வீழ்ந்தான். கருணை என்றால் கொடுமையைக் கண்டும் கைகட்டி நிற்றல் என்று எவரும் எண்ணற்க. சிறையிலே வாடுவோர் கண்ணீரைத் துடையாத கருணை கருணையன்று.

சூரன் தனித்து நின்றான். அப்பொழுது பெருமான் தம் பேருருவைக் காட்டினார். பாலன் என்று தான் இகழ்ந்தவர் பரம்பொருள் என்பதைச் சூரன் கண்டான்; தொழவும் விரும்பினான். மானம் தடுத்தது. பேருரு மறைந்ததும் பழைய சினம் மீண்டது. கடல் நடுவே மாமரமாகி நின்றான், வேல் பிளந்தது. மீண்டும் தன்னுருக் கொண்டு வாளேந்தி எழுந்தான். வேல் அவனுடலையும் இரு கூறாக்கியது. அக்கூறுகளும் மயிலும் சேவலுமாகிச் சினந்தே வந்தன. பிளவுண்ட பின்னும் பகை சாகவில்லை என்பதைக் கருத்தில் வையுங்கள். பெருமான் அவற்றை அருட்கண்ணால் நோக்கினார். அந்நோக்கினாலே பகை மாறியது. மயில் ஊர்தியாயிற்று, சேவல் கொடியாயிற்று. வேல் செய்யாது விட்டதை விழி செய்து முடித்தது.

இதற்கு நம் சித்தாந்தம் கூறும் காரணம் மிகத் தெளிவானது. இறைவன், உயிர், தளை ஆகிய மூன்றும் என்றும் உள்ளவை. உயிருக்கு அழிவில்லை. உடல் வீழ்ந்தால் பகைவன் ஒழிந்தான் என்று நாம் எண்ணுகின்றோம். அவன் ஒழியவில்லை. தன் ஆணவத்தையும் வினையையும் சுமந்துகொண்டு மற்றோர் உடலைத் தேடிச் செல்கின்றான். ஆகவே திருத்தாமல் சாகவிடுதல் தீமையை முடிப்பதன்று, ஒத்திப்போடுவதே ஆகும். இறைவன் செய்யும் ஐந்தொழிலில் அழித்தலும் உயிர்க்கு இளைப்பாறுதல் தரும் பொருட்டே என்று நம் ஆசிரியர்கள் உரைத்தனர். நோயை ஒறுக்கும் மருத்துவன் நோயாளியை வெறுப்பதில்லை அன்றோ?

‘இது கேட்க இனிது. காத்துவிட்ட கொடியவன் மறுபடியும் தீங்கு செய்தால் என் செய்வது?’ என்று ஒருவர் தடை எழுப்பலாம். இத்தடை வலியது, எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. இதற்கு இராவணன் வரலாற்றை நோக்குவோம். கயிலைமலையைப் பெயர்க்கத் துணிந்தான். பெருமான் திருவிரலால் சிறிதே ஊன்றினார். இராவணன் மலைக்கீழ் அகப்பட்டுக் கதறினான். அவனைக் கொல்ல இறைவன் வேறொன்றும் செய்யவேண்டுவதில்லை. வாளா இருந்தாலே போதும். இரயிலில் விட்டுச் சென்ற வீரனின் நிலை இதுவே. ஆனால் பெருமான் வாளா இருந்தாரில்லை. அவன் பாடிய இசைக்கு இரங்கி விரலை எடுத்தார். வாளும் நாளும் அளித்தார். திருஞானசம்பந்தப் பெருமான் தம் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாம் திருப்பாட்டில் இராவணனைப் போற்றாமல், அவனை அடர்த்து அருளிய அவ்வருட்செயலையே போற்றினார்.

அவ்விராவணன் பின்னர்ச் சீதாபிராட்டியைக் கவர்ந்தான் அன்றோ? ஆம், கவர்ந்தான். அருளைப் பெற்றவன் அதனைப் பழுதாக்கினான். அப்பிழைக்குரிய தண்டம் இராமபிரான் கையால் வந்தது. பின்னாளில் செய்யக்கூடும் என்னும் பிழைக்காக இன்று மலைக்கீழ் நசுங்கவிடுதல் நீதியாகாது. அருளினால் இழப்பு நேரவே நேராது என்று யான் கூறவில்லை. நேரக்கூடும். அதனால் காத்த கை காவலையும் விடலாகாது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம். கிணற்றில் வீழ்ந்த கள்வனை முதலில் கரையேற்றுக. பின்னர்க் காவலரிடம் ஒப்படைக்க. இரண்டும் கடமை. இரண்டாவதற்கு அஞ்சி முதலாவதைக் கைவிடுதல் கூடாது. முதலாவதைச் செய்த பெருமையில் இரண்டாவதை மறத்தலும் கூடாது.

இனி, திருக்கோவலூரிலிருந்து அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரை நினைமின். போரில் பன்முறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, சுவடிக்கட்டினுள் கத்தியை மறைத்து வந்து, வணங்கிய நாயனாரைக் குத்தினான். மெய்காவலனாகிய தத்தன் வாளோங்கினான். நாயனார் அவனைத் தடுத்தார். வந்தவர் நம்மவர் என்றார். இடையூறின்றி ஊர்ப்புறத்தே விடுமாறு பணித்தார். சினந்து சூழ்ந்த மக்களை விலக்கித் தத்தன் அவ்வாறே செய்து மீண்டு வந்து சொல்லுமளவும் நாயனார் உயிர் தாங்கியிருந்தார். அவர் தத்தனைத் தடுக்காமல் வாளா இருந்திருந்தால், முத்தநாதன் அக்கணமே மாண்டிருப்பான். நாயனார் மேல் எவரும் குற்றம் சொல்லியிரார். அவ்வாறு இருத்தலையே அவர் திருவுள்ளம் ஏற்கவில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். நாயனார் பொறுத்தது தம் உடலுக்கு நேர்ந்த தீங்கை. முருகப்பெருமான் பொறாதது தேவர்களுக்கு நேர்ந்த தீங்கை. தனக்குச் செய்த பிழையைப் பொறுக்க ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறருக்குச் செய்த பிழையை அவர்கள் பொருட்டுத் தான் பொறுத்துவிட உரிமை இல்லை. ஆயினும் சூரன்பால் வேலாக வந்ததும், முத்தநாதன்பால் காவலாக வந்ததும் ஒரே அருள்தான். இரண்டிடத்தும் பகைவன் கைவிடப்படவில்லை.

அன்பர்களே, நம்முன் சூரன் வருவதில்லை. நிலத்தகராற்றில் நம்மை வஞ்சித்த பங்காளி வருகின்றான். கடன் வாங்கி ஏமாற்றிய உறவினன் வருகின்றான். அவன் நோயுற்றுக் கிடக்கும் செய்தி நம் செவிக்கு எட்டுகின்றது. ‘நான் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே’ என்று சொல்லிக்கொண்டு வீட்டிலே இருந்துவிடுகின்றோம். கையிலே கறையில்லை என்று மகிழ்கின்றோம். நெஞ்சிலே கறையில்லையா? வழக்கு வழக்காக நடக்கட்டும். உரிய நிலத்தை விட்டுக்கொடுக்க வேண்டுவதில்லை. ஆனால் இருமருந்தும் ஒரு குவளைக் கஞ்சியும் கொண்டு அவன் வாயிற்படி ஏறுவதற்கு எந்த வழக்கும் தடையாகாது.

கொல்லாமை நன்று. அது முதற்படி. காக்கக்கூடிய இடத்தில் காத்தல் அதற்கு மேற்பட்ட படி. பகைவனும் பெருமானுடைய உடைமை என்று உணர்தல் முடிந்த படி. நாளைக் காலை திருக்கல்யாணத்துக்கு வரும்பொழுது, பெருமான் ஏறியிருக்கும் மயிலைச் சற்றே உற்று நோக்குங்கள். அது முன்னாள் பகைவன். நாம் தொழும்போது அவனும் சேர்ந்து தொழப்படுகின்றான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!