தட்டிப் பார்த்தாலே தெரியும்

நேத்து மழைக்கு விளக்கைச் சுத்தி ஈசல் பறந்துச்சா? காலையில, கதவு ஜன்னல் சாத்தின அறையில, நிலைக்கால் ஓரமா உதிர்ந்த இறக்கை கிடந்தா யோசிக்கணும். ஈசல்ங்கிறது இறக்கை முளைச்ச கரையான்தான்.

நிலையைத் தட்டுங்க. டொக்குன்னு வெத்துச் சத்தம் வந்தா உள்ளே காலி. சுவர்ல பென்சில் கனத்துக்கு மண்கோடு ஓடுதா? கொஞ்சம் உடைச்சு விடுங்க. ரெண்டு நாள்ல திரும்பப் பூசியிருந்தா, ஆள் உள்ளேதான் இருக்கு!

நம்மாளுங்க உடனே மண்ணெண்ணெயைத் தேடுவாங்க. அது கண்ணுக்குத் தெரியிறதைத்தான் கொல்லும். ராணி மண்ணுக்கடியில சுகமா முட்டை போட்டுட்டிருக்கும். சுவரும் தரையும் சேர்ற இடத்துல ஓரடிக்கு ஒரு துளை போட்டு, இமிடாகுளோப்ரிட் மாதிரி மருந்தை மண்ணுக்குள்ள இறக்கணும். அது பழகினவங்க செய்யிற வேலை. அதுக்கு முன்னாடி, ஈரம் கரையானை இழுக்கும்ங்கிறதால, அந்தச் சுவர்ல குழாய் ஏதும் கசிஞ்சா சரி பண்ணிடுங்க.